தோள்வலியும் இழுத்துப் போட்ட கோப்புகளும்

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். மேகம் திரண்டு நின்று ஏமாற்றிவிட்டுப் போனது. இங்கே மந்தைவெளியில் ஒரு துளி இல்லை. எனக்கு எஸ்டிமேட் வேலை தரும் தி. நகர் ஆபீஸில் இருந்து பேசியவர் அங்கே தூறல் என்றார். அவர்களுக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்தான் கிடைக்கிறது.

இன்றைய வேலை: வேளச்சேரி வீட்டு எஸ்டிமேட். செங்கல், சிமெண்ட், மணல் வரை வந்து நின்றுவிட்டது. காரணம் விக்கி.

(பிற்காலத்தில் நானே இதைப் படித்து முழிக்கக் கூடாது என்பதற்காக: விக்கி என்பது என் கம்ப்யூட்டருக்குள் நான் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புப் பக்கங்கள். எனக்கு மட்டும். எந்த ஃபோல்டரில் கிடக்கும் கோப்பையும் மவுஸால் பிடித்து இழுத்து வந்து பக்கத்தின் மேல் விட்டால், அந்த இடத்தில் நீல எழுத்தில் ஓர் இணைப்பு விழும். அதை அமுக்கினால் கோப்பு திறக்கும். தேடவே வேண்டாம். இதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ஐம்பது வயது வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

இன்று இழுத்துப் போட்டவை: டைல்ஸ் விலைப் பட்டியல், மின்கட்டண ரசீதுகள், வீட்டு வரி, ஃபிரிட்ஜ் வாரண்டி, அம்மாவின் பழைய ஸ்கேன். அம்மா போய் மூன்று வருடம். ஸ்கேன் எதற்கு? தெரியாது. இழுத்தேன், விழுந்தது, விட்டுவிட்டேன்.

வலது தோள் மோசம். மவுஸை அமுக்கிப் பிடித்து இழுக்கும்போது வலி முழங்கை வரை வருகிறது. இடது கையால் முயற்சி செய்ததில் யார் வீட்டு மாடிப்படி வரைபடமோ கேஸ் சிலிண்டர் பக்கத்தில் போய் விழுந்தது.

சாயங்காலம் அடையாறு. பிசியோதெரபி. லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டி வைத்திருப்பதால் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு மாதமாக எனக்கு வைத்தியம் பார்ப்பவர் தேன்மொழி. (இனி தே. என்றே எழுதுகிறேன்.) வயது நாற்பத்தைந்துக்கு மேல். நடிப்பு கிடையாது, கொஞ்சல் கிடையாது. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"தூக்கச் சொன்னேன் சார். நீங்க கும்பிடறீங்க."

ஆனாலும் போன வாரத்துக்கு இது எவ்வளவோ தேவலையாம். சீக்கிரம் சரியாகிவிடுமாம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தோள் சரியாகிவிட்டால் அடையாற்றுக்கு வர எனக்கு என்ன காரணம் இருக்கிறது?

எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

ஜூலை 7, திங்கள்

வெயில். மாவு தீர்ந்தது. மெஸ்ஸில் பொங்கல்.

தே. கேட்டார், நாள் முழுக்க அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள், இவ்வளவு வைத்தியத்துக்குப் பிறகும் திங்கள்கிழமை மட்டும் ஏன் இறுகிப் போய் வருகிறது என்று. சனி, ஞாயிறு முழுக்க விக்கி. வேறு வழியில்லை, சொன்னேன். எங்கே எரிச்சல்படுவாரோ என்று பார்த்தேன். சிரித்தார். பிறகு தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

அப்படி ஒரு திரையை நான் பார்த்ததில்லை. பின்னணிப் படமே தெரியாத அளவுக்கு ஐகான்கள். உடற்பயிற்சி வீடியோக்கள், எக்ஸ்ரே படங்கள், நோயாளிகளுக்குத் தமிழில் அவரே தட்டிய பயிற்சித் தாள்கள். பெயர்கள்: new, new2, new2 சரி, final, final இல்லை. கடைசிப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பு கொஞ்சம் குறைந்து, பிரியம் நிறையக் கூடியது.

விஷயம் என்னவென்றால், ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு 21ஆம் தேதி மதியம் ஒரு முகாம் நடத்துகிறார். இலவசம்தான். கூடை சுமந்து சுமந்து எல்லோருக்கும் தோள், கழுத்து, இடுப்பு வலி. அங்கே சமுதாயக் கூடத்தில் பெரிய டிவி உண்டு. வலியைச் சொன்னால் உடனே அதற்கான பயிற்சி வீடியோ திறக்க வேண்டும். தேடிக்கொண்டு நின்றால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள், நியாயம்தான், அவர்களுக்கு வேலை இருக்கிறது என்றார்.

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் வாய் என்னைக் கேட்கவில்லை.

பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். இடது கையால் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் ஒரு மணி நேரம் இல்லை.

ஆரம்பித்துவிட்டேன். பென்டிரைவில் இருந்ததை எல்லாம் என் கம்ப்யூட்டரில் 'தே. மேடம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் கொட்டினேன். பக்கங்கள்: கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, முழங்கால். தோளுக்குள் துணைப் பக்கங்கள்: தூக்க முடியவில்லை / பின்னால் போகவில்லை / படுத்தால் வலி. நான் இந்த மூன்றிலும் அனுபவசாலி.

வீடியோக்களில் அவரேதான் செய்து காட்டுகிறார். சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது. ஒன்றில் நடுவே மாடி வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது, அவர் ஒரு கணம் நிமிர்ந்து முறைத்துவிட்டுத் தொடர்கிறார். இந்த வீடியோவைச் சரிபார்ப்பதற்காக நான்கைந்து முறை ஓட்டினேன்.

இடது கையால் இழுப்பது மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. final, final இல்லை எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்காருகின்றன. ஒரு வேலை செய்கிறோம், அது ஒருவருக்குப் பயன்படப் போகிறது, அந்த ஒருவர் தே. என்பதில் கூடுதல் இனிப்பு. வேளச்சேரிக்காரர் இரண்டு முறை போன் செய்தார். நாளைக்கு என்றேன்.

ஜூலை 10, வியாழன்

வேளச்சேரி எஸ்டிமேட் அனுப்பியாயிற்று. கம்பி விலை ஏறியதற்கு அவர் என்னைக் கோபித்துக்கொண்டார்.

மேற்கு மாம்பலத்திலிருந்து வசந்தா அக்கா போன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்றாள். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றாள். சொன்னேன்.

"நான் அந்த ரேஷன் கார்டை ஸ்கேன் பண்ணிக் கொடுன்னு கேட்டு எத்தனை மாசம் ஆச்சு?"

அக்காவிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை. யார், என்ன, குடும்பம் எப்படி என்று ஆரம்பித்தாள். எனக்கே தெரியாது என்றேன். தெரியாததைத் தெரிந்துகொள், ஆனால் அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது, ஆடியில் எதையும் வாயைத் திறந்து பேசி வைக்காதே என்றாள். எனக்கு ஜாதகம் பார்த்து அலுத்து எல்லோரும் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. முதலில் அக்காக்கள் கல்யாணம், பிறகு அப்பா, பிறகு அம்மா. ஒருநாள் திரும்பிப் பார்த்தால் பெண் வீட்டார் யாரும் வரவில்லை. பெரிதாக வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை. தனியாக இருக்கப் பழகிவிட்டேன், நன்றாகவே பழகிவிட்டேன். இப்போதுதான் அது போதவில்லை.

கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தோள் ஆறுவதற்குள் கேட்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை, அரை மணி. அடையாறு பாலத்தில் பஸ் நின்றது நின்றபடி. தொப்பலாகப் போய்ச் சேர்ந்தேன். துண்டு கொடுத்தார். பயிற்சித் துண்டுதான்.

கப்பிக் கயிற்றில் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். கல்யாணம் ஆகி முறிந்து வெகுநாள் ஆகிறதாம். ஒரே பெண், திருச்சியில் படிக்கிறாள். இதைச் சொல்லும்போது என் கை எவ்வளவு உயரம் போகிறது என்பதில்தான் அவர் கண். நானும் என்னைப் பற்றிச் சொன்னேன். அதில் சொல்ல அதிகம் இல்லை. முடித்ததும் எண்ணிக்கை விட்டுப்போச்சு, முதலிலிருந்து என்றார்.

கடைசியில் வந்தது. நல்ல முன்னேற்றம், இனி வாரத்துக்கு ஒரு தடவை போதும், அப்புறம் அதுவும் வேண்டாம். இன்னும் வலிக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டார். தோளுக்குப் பின்னால் ஓரிடத்தைக் காட்டினேன். அமுக்கினார். பல்லைக் கடித்து முனகினேன். நான் அமுக்கியது நீங்கள் காட்டின இடமே இல்லை என்றார்.

வீட்டுக்கு வரும் வரை முகம் சூடாக இருந்தது. தும்மல் வேறு.

ஜூலை 14, திங்கள்

முடிந்தது.

அழகாக வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்ளலாம். முதல் பக்கத்தில், பக்கத்துக்குள்ளேயே நான் கோடுகளால் வரைந்த ஒரு மனித உருவம், பக்கத்திலேயே உறுப்புகளின் பெயர்கள். தோளை அமுக்கினால் தோள் பக்கம், அங்கே வீடியோ, தாள், படம். பென்டிரைவில் இருந்த பழசை எல்லாம் துடைத்துவிட்டு, அவருக்கான விக்கி ஃபோல்டரை மட்டும் ஏற்றினேன். அவசரப்படவில்லை. பென்டிரைவைப் பிடுங்கி, மறுபடி செருகி, அதிலிருந்தே திறந்து, ஒவ்வோர் இணைப்பாக அமுக்கிப் பார்த்தேன். அத்தனையும் திறந்தன. குக்கர் விசில் உட்பட.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு நோயாளிகள் காத்திருந்தார்கள். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்து, "என்ன சார், புஸ்தகம் மாதிரி இருக்கு" என்றார். அதற்கு மேல் பார்க்க நேரமில்லை. எனக்கு அதுவே போதும். அந்த மிதப்பில் ஒரு யோசனையும் சொன்னேன்: இனி லேப்டாப்பில் சிதறிக் கிடப்பது எதுவும் தேவையில்லை, குப்பையை அழித்துவிடலாம். அங்கேயே, என் எதிரிலேயே, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். திரையில் கடைசியாகப் பின்னணிப் படம் தெரிந்தது. நீலக் கடல், ஒரு படகு.

அப்பாடா என்றார். என்னால் ஒருவர் அப்பாடா என்றது எப்போது?

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. விடியற்காலையிலேயே தெருமுனை அம்மன் கோவில் ஒலிபெருக்கி. பல் தேய்க்கும்போதே பக்தி.

தி. நகர் ஆபீஸ் போக வேண்டியிருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். உஸ்மான் ரோட்டில் நடப்பதில்லை, நகர்த்தப்படுகிறோம். நகர்த்தப்பட்டதில் ஒரு கடைக்குள் போய்விட்டேன். ஒரு சட்டை, இளநீலம். எதற்கு? கேம்ப்புக்கு.

ஏனென்றால் தே. போன் செய்தார். லேப்டாப் ஏதாவது மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ள நீங்களும் வர முடியுமா, வேலை கெடாதே என்றார். கெடாது என்றேன். வேலை கெட்டால் என்ன.

செய்ய வேண்டியவை:
சட்டையைத் துவைத்து இஸ்திரி.
அக்கா ரேஷன் கார்டு ஸ்கேன்.
சொரசொரப்பு டைல்ஸ் விலை கேட்பது.
தே.யிடம் கேட்பது. (ஆடி முடிந்தா? அதற்குள் தோள் முடிந்துவிடும்.)

ஜூலை 21, திங்கள்

எப்படி எழுதுவது.

ஞாயிறு வியாபாரம் முடிந்து திங்கள் மதியம்தான் குப்பத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வாம். சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. கடற்காற்று, கருவாட்டு வாசனை, வாசல் நிறையச் செருப்பு. அஞ்சலை என்பவர்தான் எல்லோரையும் கூட்டி வந்தவர். பெசன்ட் நகரில் மீன் விற்கிறார், பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும். லேப்டாப்பை டிவியில் மாட்டினேன். என் முதல் பக்கம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு தெளிவாக. இளநீலச் சட்டை. நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

யாருக்கு எங்கே வலி என்று தே. கேட்டார். பாதிக் கூடம் தோளைத் தொட்டது. தோளை அமுக்கினேன், பக்கம் வந்தது. வீடியோவை அமுக்கினேன்.

கோப்பு கிடைக்கவில்லை.

அடுத்தது. கிடைக்கவில்லை. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த காகிதச் சின்னம். கழுத்து, முதுகு, முழங்கால், எதை அமுக்கினாலும் அதே வரி. பென்டிரைவைப் பிடுங்கிச் செருகினேன். அதே. முதுகில் வியர்வை ஓடியது. வீட்டில் திறந்ததே என்று சொன்னேன், எனக்கே கேட்காத குரலில்.

"டிவி நல்லாத்தான் கீது டாக்டரம்மா," என்றார் அஞ்சலை. "உள்ள இன்னா போட்டாரோ சாரு, ஒண்ணியும் காணோம்."

சிரிப்பு. இரண்டு பேர் எழுந்து புடவையை உதறினார்கள். ஓடிப்போகலாமா என்று வாசலைப் பார்த்தேன். அவ்வளவு செருப்புக்கு நடுவே என்னுடையது எங்கே என்றே தெரியவில்லை.

தே. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடினார். பையிலிருந்து துண்டை எடுத்தார்.

"சார், கையை மடிச்சுவிட்டுட்டு முன்னாடி வாங்க."

போனேன். சுவரோரம் நிற்க வைத்தார். இவருக்கும் உங்கள் மாதிரிதான் தோள் பிடித்துக்கொண்டது, கூடை தூக்கி இல்லை, கம்ப்யூட்டரைத் தடவி என்றார். கூடத்துக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். விரல்களால் சுவரில் ஏறச் சொன்னார். ஏறினேன். காதளவு வந்ததும் கை மாட்டிக்கொண்டது. அஞ்சலை கிட்டே வந்து என் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார்.

"வலிக்கிதா நைனா? வலிச்சா வலிக்கிதுன்னு சொல்லு. மூஞ்சிய ஏன் இப்டி வெச்சிகினு கீறே?"

வலிக்கிறது என்று கத்தினேன். கூடமே கைதட்டியது. அப்புறம் எல்லோரும் சுவருக்கு வந்துவிட்டார்கள். நாலு சுவரும் போதவில்லை, வெளியே போய்ப் படகைப் பிடித்துக்கொண்டு செய்தார்கள் சிலர். துண்டுப் பயிற்சிக்கு முந்தானை. தே. ஒவ்வொருவரிடமும் போய்த் தோளைத் தொட்டுத் திருத்தினார். நான் நடுவில் நின்று ஒவ்வொன்றையும் செய்து காட்டிக்கொண்டே இருந்தேன். யாருக்கு எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் எனக்கும் மாட்டியது. ஒரு கட்டத்தில் வெட்கம் போய்விட்டது. சந்தோஷமாக இருந்தேன், உண்மையில்.

இடையில் அஞ்சலை கேட்டார், வீட்டில் யார் தைலம் தேய்த்துவிடுகிறார்கள் என்று. யாரும் இல்லை என்றேன். கல்யாணம்? ஆகவில்லை. தே. துண்டை மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே மறுபடி மடித்தார்.

முடிந்ததும் ஆளுக்கொரு பை நெத்திலிக் கருவாடு. திரும்பும்போது ஒரே ஆட்டோ. அவர் வெளியே பார்த்தபடி வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன் சார். நீங்க சொன்னீங்கன்னு."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது என்றேன். இருக்கிறதல்லவா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். காந்தி நகரில் இறங்கிக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

உடம்பெல்லாம் வலி. மேகமூட்டம்.

முதல் வேலையாக 'தே. மேடம்' ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருக்கின்றன. வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்தேன். பயத்தில் இன்னொன்று.

தப்பு எது என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்ததுதான். இழுத்துப் போட்டால் கோப்பு பக்கத்துக்குள் வந்து உட்காருவதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும், பக்கத்தில் விழுவது வழி மட்டும்: சேகர் என்ற என் கம்ப்யூட்டர், இன்ன டிரைவ், இன்ன ஃபோல்டர். பென்டிரைவில் நான் ஏற்றியது வழிகளை. வீட்டில் சோதித்தபோது அந்த வழிகள் நேராக என் டிஸ்க்குக்கே வந்து எல்லாவற்றையும் திறந்து காட்டின. என் கம்ப்யூட்டரைக் கேட்டு என் கம்ப்யூட்டரே நல்ல சான்றிதழ் கொடுத்தது. நான் அதை வாங்கிக்கொண்டு புதுச்சட்டை வாங்கினேன். இருபத்தைந்து வருடமாக எஸ்டிமேட் போடுகிறவன். தளத்துக்குப் போய்ப் பார்க்காமல் அளவு எழுதாதே என்று வேலை பழகும் பையன்களைத் திட்டுகிறவன்.

திருத்தம்: விக்கி ஃபோல்டருக்குள்ளேயே ஒரு ஃபோல்டர், எல்லாக் கோப்பும் அதற்குள், அங்கிருந்து மறுபடி முதலிலிருந்து இழுப்பது. இப்போது விழும் வழி 'பக்கத்து அறையில் பார்' என்று மட்டும் சொல்லும். வீடு எங்கே மாறினாலும் பக்கத்து அறை கூடவே வரும்.

நேற்று நடந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று தே.க்குச் செய்தி அனுப்பினேன். பதில்: சரி. ஒரே சொல். கோபமா, வேலையா, தெரியவில்லை. பத்து முறை படித்தாலும் அது சரி என்றே இருக்கிறது.

நெத்திலித் தொக்கு வைத்தேன். நன்றாக வந்தது. தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி நடக்க இடமில்லை. அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த முறை என் வீட்டில் சோதிக்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகச் சொன்னேன். கடைக்காரர் இதென்ன வம்பு என்று பார்த்தார். எல்லாம் திறந்தன. துண்டு வீடியோ ஓடும்போது ஆதார் கார்டு பிரதி எடுக்க வந்த அம்மாள் நின்று பார்த்து, தன் கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். போகவில்லையா என்றேன். போகவில்லை என்றார்.

சாயங்காலம் அடையாறு. பென்டிரைவைக் கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டார், திறந்து பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்திருக்கவும் கூடாது. கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். காதைத் தாண்டி நேராக மேலே போனது. அன்று அத்தனை பேருக்கு நடுவே அத்தனை தடவை செய்ததில் இறுக்கம் விட்டிருக்கிறதாம்.

"இனிமே வர வேணாம் சார். வீட்லயே செஞ்சா போதும்."

சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கேட்க வேண்டும் என்று நினைத்தது எதையும் கேட்கவில்லை. ரொம்ப நன்றி மேடம் என்றேன். படியிறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் மேல் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். மாதக் கணக்கில் முடியாதது. அழுகை வரும்போல் இருந்தது, பெருமையால் அல்ல.

ஜூலை 26, சனி

மழை விட்டு விட்டு. துணி காயவில்லை.

அக்காவின் ரேஷன் கார்டை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அதிசயம் என்று பதில் போட்டாள், உடனே போன் செய்து என்ன ஆச்சு என்றாள். தோள் குணமாகிவிட்டது என்றேன். அவளுக்குப் புரிந்தது. ஆடிதானே, போகட்டும் என்றாள். பாவம், அவளுக்கும் சொல்ல வேறு எதுவும் இல்லை.

மதியம் விக்கியைத் திறந்து பழைய எஸ்டிமேட்களை இழுத்துப் போட்டேன். வலது கையால், வலியில்லாமல். அரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை.

நாலரைக்குப் போன். தே.

நலம் விசாரித்தார். கை எப்படி இருக்கிறது, சுவரில் ஏறுகிறீர்களா. ஏறுகிறேன். அஞ்சலை உங்களை விசாரித்தார், நைனா எங்கே என்று கேட்டாராம். சிரித்தேன். பிறகு கொஞ்சம் தயங்கி, நாளை ஞாயிறு கிளினிக் இல்லை, உங்கள் வீட்டுக்கு வந்து அந்த விக்கியை ஒருமுறை பார்க்கலாமா என்றார்.

எனக்குப் பதறிவிட்டது. இன்னும் ஏதோ திறக்கவில்லை போலிருக்கிறது. நீங்கள் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் மேடம் என்று ஆரம்பித்தேன். இந்தத் தடவை கொடுத்தது உங்கள் லேப்டாப்பிலேயே திறக்கும், எல்லாக் கோப்பையும் உள்ளே வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் கடையில் கூடச் சோதித்துவிட்டேன், வழி மாறினாலும் பக்கத்து அறை என்பது... மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"திறக்குது. வியாழக்கிழமையே எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டேன்."

ஜன்னல் கம்பியில் மழைத் தண்ணீர் ஓடியது.

"எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார்.

நாலு என்றேன். போனை வைத்தபின் மூன்று என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. பால் இல்லை, கடைக்குப் போக வேண்டும்.